ரத்னகிரிக்கு ஒரு வாடகைக் கார்ப் பயணம்

மும்பை செம்பூரிலிருந்து ஓட்டுநருடன் வாடகைக் கார் எடுத்து அம்மாவை மகாராஷ்டிரக் கடலோர ஊரான ரத்னகிரிக்கு அழைத்துப் போனேன். பன்வெல் தாண்டியதுமே ஏசி நின்றுவிட்டது. மாற்று வண்டி கேட்டு மூன்று முறை அழைத்தும் அனுப்பவில்லை. அந்த நிறுவனத்திடம் இனி போகமாட்டேன். ஓட்டுநர் மட்டும் தங்கமான மனிதர். அம்மாவின் முழங்கால் வலிக்காக மணிக்கொரு முறை நிறுத்தினார்.

ரத்னகிரிக்கு அருகிலுள்ள கோயில் ஊரான கண்பதிபுளேயிலிருந்து ஆரே-வாரே கடலோரச் சாலை வழியாகவே போகச் சொல்லுங்கள். மேட்டில் ஏறியதும் இரண்டு கடற்கரைகள் அடுத்தடுத்து விரிகின்றன. அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு திபா அரண்மனை. பர்மாவின் கடைசி மன்னர் திபாவை ஆங்கிலேயர் 1885இல் நாடுகடத்தி, சென்னையில் சில மாதம் வைத்திருந்து, இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். மாளிகை கட்டி முடிந்தது 1910இல். 1916இல் அவர் இறந்துவிட்டார். கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்கு ஆறே ஆண்டு வாசம்! இப்போது அது அருங்காட்சியகம்.

என் தாத்தா 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர். அம்மா மாடத்தில் நின்று, "அப்பாவாவது வீடு வந்து சேர்ந்தார், இவர் சேரவே இல்லையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னரின் சமாதியும் இதே ஊரில்தான் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொல்ல, ஓட்டுநர் மறுபேச்சின்றி வண்டியைத் திருப்பினார்.