ப்ளீச் செய்த முடியிலிருந்து மெஜந்தாவை எடுக்க: வைட்டமின் சியா, ப்ளீச் வாஷா?

ப்ளீச் செய்த முடியில் போட்டிருந்த மெஜந்தா நிற செமி பர்மனென்ட் சாயத்தை எடுக்க வேண்டும் என்றதும் எனக்குக் கிடைத்த யோசனைகள் இரண்டு. வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஷாம்புவில் குழைத்துப் பூசுவது ஒன்று. முடிக்கான ப்ளீச் பவுடர், டெவலப்பர் (ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கிரீம்), ஷாம்பு மூன்றையும் கலந்து சில நிமிடங்கள் வைத்து அலசும் ப்ளீச் வாஷ் இன்னொன்று. நான் வைட்டமின் சி பக்கம் போனேன். இன்னொரு முறை எடுக்க வேண்டி வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வேகத்தில் ப்ளீச் வாஷ்தான் முந்தும், அதில் பேச்சே இல்லை. கடையில் விற்கும் கலர் ரிமூவர்களில் பெரும்பாலானவை டெவலப்பர் கலந்து போடும் நிரந்தர டைக்காகத் தயாரித்தவை. முடிக்குள் போய் உருவாகும் நிறத்தைக் குலைப்பது அவற்றின் வேலை. செமி பர்மனென்ட் சாயமோ டப்பாவில் இருக்கும்போதே நிறமாக இருக்கிறது, அப்படியே வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனிடம் ரிமூவர் அரைகுறையாகத்தான் பலிக்கும். சமையல் சோடா வேண்டாம். அதன் காரம் முடியை இன்னும் சொரசொரப்பாக்கும்.

'சில குளியலில் போய்விடும்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை ப்ளீச் செய்த முடிக்கு நம்ப முடியாது. ப்ளீச் முடியின் மேல்செதில்களைத் திறந்துவிடுகிறது. அதோடு முடியில் எதிர்மின்னூட்டமும் கூடுகிறது. இந்தச் சாயங்களில் பல நேர்மின்னூட்டம் கொண்டவை, அதனால் விடாமல் பிடித்துக்கொள்கின்றன.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? என் வரையில் ஒரே கேள்விதான்: இந்த முடி இன்னொரு ப்ளீச்சைத் தாங்குமா? ப்ளீச்சுக்கு நிறம் வேறு, முடி வேறு என்று பார்க்கத் தெரியாது. கெரட்டின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் சேர்த்தே உடைக்கும். ஏற்கெனவே வெளுத்த முடியில் இயற்கை நிறமியும் பெரிதாக மிச்சமில்லை. அடி முழுக்கச் சாயத்தின் மேலும் புரதத்தின் மேலும்தான் விழும். தலைக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, தானாக ஆறாது. கண்டிஷனர் வழவழப்பைத் தரும், போன வலுவைத் திருப்பித் தராது. அடுத்து நீங்கள் போடப்போகும் நிறமும் அந்த முடியில்தான் நிற்க வேண்டும். நைந்த முடியில் அது திட்டுத்திட்டாக ஏறி, சீக்கிரம் வெளிறிவிடும்.

சோதிப்பது சுலபம். நனைந்த ஒற்றை முடியை இரு விரல்களுக்கு நடுவே மெல்ல இழுங்கள். கொஞ்சம் நீண்டு பழையபடி சுருங்கினால் தெம்பு இருக்கிறது. சூயிங்கம் போல இழுபட்டு அப்படியே நின்றாலோ, பட்டென்று அறுந்தாலோ ப்ளீச் பக்கமே போகாதீர்கள். என் முடி நுனிப்பக்கம் இழுபட்டது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வைட்டமின் சியைப் பற்றிச் சொல்கிறேன். நிறப்பூச்சு இல்லாத வெள்ளை மாத்திரை நல்லது. நைசாகப் பொடியுங்கள், குருணை இருந்தால் திட்டாக இறங்கும். பொடுகு ஷாம்புவோ, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அழுத்தமான ஷாம்புவோ எடுத்துக்கொள்ளலாம். நிறம் காக்கும் வகை கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த முடியில் பூசி, ஷவர் கேப் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் எரியும், ஆறிய பிறகு செய்யுங்கள். அலசும்போது நுரை அடர் ரோஸாக ஓடுவதைப் பார்த்தாலே தெம்பு வரும். வேர்ப்பக்கம் முதலில் வெளுக்கும், நுனி கடைசி வரை அடம்பிடிக்கும். அமிலம் மேல்செதிலை உப்ப வைக்காது, ஆனால் ஷாம்பு நன்றாகவே உலர்த்தும். ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் கட்டாயம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

முழு வெள்ளையாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இளம் பீச் நிறம் தங்கியது. மேலே செம்பு நிறம் போடத்தான் நினைத்திருந்தேன், அதற்கு அது தாராளம். வெளிர் லாவண்டர் மாதிரி மென்மையான நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது.

நீலமும் பச்சையும் வேறு கதை. நான் எடுத்தது மெஜந்தா மட்டும், அதனால் அவற்றுக்கு இதே உறுதியோடு பேச மாட்டேன். அவை ரோஸைவிடப் பிடிவாதமானவை. ப்ளீச் பட்டதும் வெளிர்ப் பச்சைக் கறையாக மாறி, அதன் பிறகு அசைய மறுப்பதும் உண்டு. அந்த நிறங்களுக்கும் முதலில் மென்மையான வழியைத்தான் தேர்வேன்.

இழுத்துப் பார்த்ததில் முடி திடமாக இருந்து, நிறமும் பிடிவாதம் பிடித்தால் ப்ளீச் வாஷ் செய்யலாம். 10 வால்யூம், அதாவது 3 சதவீத டெவலப்பர் போதும். 20 வால்யூமைத் தாண்ட வேண்டாம். உலோகக் கிண்ணம் கூடாது. காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் முதலில் போட்டுப் பாருங்கள். வைத்த பிறகு நகராமல் பக்கத்திலேயே இருந்து, வேண்டிய அளவு இறங்கியதும் உடனே அலசிவிடுங்கள். வைட்டமின் சியில் முக்கால்வாசி நிறத்தை இறக்கிவிட்டு இதற்கு வந்தால், ப்ளீச் முடியில் இருக்கும் நேரமும் குறையும்.