தெருமுனை டாக்டரும் தில்லைநகர் ஸ்பெஷலிஸ்டும்: சுகரோடு பத்து வருட அனுபவம்

எனக்குச் சுகரும் பிரஷரும் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று முதல் திருச்சியில் இரண்டு பேரிடம் பார்க்கிறேன். ஒருவர் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர், இன்னொருவர் தில்லைநகரில் சுகர் ஸ்பெஷலிஸ்ட்.

யார் நல்ல டாக்டர் என்று கேட்டால் நம் ஊரில் பதில் ஸ்பெஷலிஸ்ட் பக்கம்தான் சாயும். கூகுளில் ஸ்டார் போடுகிறவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். ரிசப்ஷனில் மரியாதை இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை, இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வைத்தியம் எப்படி என்பது கடைசி வரியில் வந்தால் உண்டு. ஒரே ஒரு தடவை போய்விட்டு வந்து அதை எப்படிச் சொல்ல முடியும்?

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டு வந்தபோது இரண்டு கணுக்காலும் வீங்கின. ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ, கிட்னி டெஸ்ட் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஆனாலும் நீர் இறங்க ஒரு மாத்திரை சேர்த்தார்கள். டெஸ்ட் எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். கால் வீங்கினால் இதயத்தையும் கிட்னியையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தெருமுனை டாக்டர் என் மாத்திரை அட்டைகளை மேஜையில் பரப்பச் சொன்னார். "இது சிலருக்கு இப்படித்தான் பண்ணும்" என்று அம்லோடிபினை நிறுத்தி டெல்மிசார்டானுக்கு மாற்றினார். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரையும் போயிற்று.

அவருக்கு மார்க் குறைக்கவும் காரணம் இருக்கிறது. பாதம் எரிகிறது என்றபோது "சுகர்னா அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். ஸ்பெஷலிஸ்ட்தான் செருப்பைக் கழற்றச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்த்தார். வைட்டமின் பி12 குறைந்தாலும் பாதம் எரியலாம் என்று அதற்கும் டெஸ்ட் எழுதினார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருடக்கணக்காகச் சாப்பிட்டால் பி12 குறையலாம். எனக்குக் குறைந்துதான் இருந்தது. வருடம் ஒருமுறை விழித்திரையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதமும் பார்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். எங்கள் டாக்டர் இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

நேரம் தருவதில் இரண்டு பேருமே சுமார்தான். 67 நாடுகளை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வில், முதல்நிலை டாக்டர்கள் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் பங்களாதேஷில் 48 விநாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். நம் நாடு பங்களாதேஷுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் டாக்டரிடம் பழைய கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் கிடைக்கும் கொஞ்ச நேரமும் இன்றைய பிரச்சினைக்கே போகிறது.

யார் நல்ல டாக்டர் என்ற யோசனையே அம்மாவுக்குக் கிடையாது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, கிராமத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும் சுகாதாரத் தன்னார்வலரைத்தான் "எங்க டாக்டரம்மா" என்கிறார். அம்மா மட்டும் ஸ்டார் போட்டால் ஐந்துக்கு ஐந்துதான்.

காய்ச்சல், புதிதாக ஒரு வலி, மருந்துக்கு மருந்து ஒத்துப்போகிறதா என்ற சந்தேகம் என்றால் நான் தெருமுனைக்குப் போவேன். கண், கால், கிட்னி பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தில்லைநகர். என் பெரிய குறை, இந்த இருவருக்கும் நடுவே ஒரு சீட்டுக்கூடப் போய்வராததுதான். இங்கிலாந்தில் குடும்ப டாக்டர் ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் அனுப்புவார், ஸ்பெஷலிஸ்ட் அவருக்குப் பதில் எழுதுவார். இங்கே தபால்காரர் நாம்தான். அதனால் எந்த மாத்திரை, எவ்வளவு, யார் எதற்காக ஆரம்பித்தார் என்று ஒரே தாளில் எழுதி இரண்டு இடத்திலும் நீட்டுகிறேன். ஸ்பெஷலிஸ்ட் அதை முழுக்கப் படித்த பிறகுதான் பேனாவை எடுக்கிறார். எங்கள் டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "சரி, மாத்திரையை எடுங்க" என்கிறார்.