பேஜ் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பவானியில் ஜமக்காளமும் பெட்ஷீட்டும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. மாமனார் நாற்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவர். போன வருடம் ஆன்லைனிலும் விற்றுப் பார்க்கலாம் என்று சோஷியல் மீடியாவைக் கவனிக்க ஒருவரை வைத்தோம். சம்பளமாக மாதம் 8,000, விளம்பரத்துக்கென்று 10,000. மூன்று மாதத்தில் 54,000 ரூபாய் போய்விட்டது. கடையின் பேஜும் போய்விட்டது. என்னை மாதிரி கடை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பி நன்றாகப் பேசினார். "அக்கா, நீங்க வியாபாரத்தைப் பாருங்க, பாஸ்வேர்டு கீஸ்வேர்டெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றார். நானும் சரி என்றேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். பேஸ்புக் பேஜை அவருடைய ஐடியில் ஆரம்பித்து, எனக்குப் பதிவு போடும் அனுமதி மட்டும் கொடுத்திருந்தார். முழு உரிமை அவரிடமே இருந்தது. இன்ஸ்டாகிராம் கணக்கும் அவருடைய செல் நம்பரில்தான்.

இரண்டாவது மாதம் 14,000 ஃபாலோயர்ஸ் வந்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் எந்தப் படத்துக்கும் பத்து லைக்கைத் தாண்டவில்லை. அப்புறம் சேலத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்து, நம் பேஜில் பார்த்த விரிப்பு வேண்டும் என்றார். எடுத்துப் பார்த்தால் அது பவானி ஜமக்காளமே இல்லை, இணையத்தில் எங்கிருந்தோ எடுத்த வடநாட்டு விரிப்பு. நம் துணியில் பட்டை பட்டையாகக் கெட்டி நிறம் ஓடும், பார்த்தவுடன் தெரியும். 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கிய துணிக்கு அவர் ஊர் பேர் தெரியாத படத்தைப் போட்டிருக்கிறார். மாமனார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது, இன்ஸ்டாகிராமை அவர் போனிலேயே திறந்து காட்டச் சொன்னேன். ஃபாலோயர்ஸ் எந்தெந்த ஊர் என்று அதிலேயே வரும். முதலில் நின்றது டாக்கா, அடுத்தது ஜகார்த்தா. ஈரோடும் இல்லை, கோவையும் இல்லை. கேட்டால், "அது அல்காரிதமுங்க அக்கா" என்றார். இன்பாக்ஸில் நாற்பதுக்கும் மேல் மெசேஜ் படிக்கப்படாமல் கிடந்தது. ஒன்று எனக்கு இன்றும் மறக்கவில்லை: "கல்யாணத்துக்கு 20 ஜமக்காளம் வேணும், 28ஆம் தேதிக்குள்ள கிடைக்குமா?" ஐந்து வாரத்துக்கு முன் வந்தது. காசு கொடுத்து வாங்கிய அந்த வெளிநாட்டு ஃபாலோயர்ஸைவிட இந்த ஒரு மெசேஜ்தான் எனக்கு வலித்தது.

விளம்பரச் செலவுக்குக் கணக்குக் கேட்டால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்புவார். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம், விளம்பரத்துக்குப் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் ரசீது தரும். எந்த விளம்பரக் கணக்கு, எவ்வளவு என்று அதில் இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். மெட்டா ஆட் லைப்ரரி என்ற பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் பேஜ் பெயரைப் போட்டுத் தேடினால் இப்போது ஓடுகிற விளம்பரம் தெரியும். "ஆட் ஓடிட்டிருக்குங்க அக்கா" என்று அவர் சொன்ன அன்றைக்கே தேடினேன், ஒன்றுகூட இல்லை.

நிறுத்திக்கொள்கிறோம், பேஜை எங்களிடம் கொடுங்கள் என்றதும் 15,000 கேட்டார். கொடுக்கவில்லை. கூகுள் மேப்பில் இருந்த கடைப் பக்கத்தை மட்டும் மீட்டோம். உரிமை கேட்டு விண்ணப்பித்தோம், அவர் பதில் தரவில்லை. தெரு, போர்டு, உள்ளே அடுக்கியிருந்த துணி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்பிய பிறகு கிடைத்தது.

இப்போது எல்லாக் கணக்கும் என் ஐடியில், என் நம்பரில். புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடுத்திருக்கிறேன். விளம்பரப் பணம் கடை கார்டிலிருந்து நேராகப் போகிறது. மெசேஜுக்கு நானே பதில் சொல்கிறேன். ஃபாலோயர்ஸ் 312 பேர்தான், ஆனால் விலை கேட்டு வருகிறவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள்.

பழைய பேஜில் இன்னமும் எங்கள் கடை போர்டு படம்தான் இருக்கிறது. அங்கிருந்து யாராவது அட்வான்ஸ் கேட்டால் அனுப்பிவிடாதீர்கள், அது நாங்கள் இல்லை.