சாட்ஸ்வொர்த் வீட்டில் ப்ரொசடி சர்வர்: ஆறு மாத அனுபவம்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கென்று சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைத்து ஆறு மாதம் ஆகிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ், அதன் மேல் ப்ரொசடி என்ற சாட் சர்வர் மென்பொருள். சின்னக் குழுவுக்கு இதைவிட நல்ல எக்ஸ்எம்பிபி (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த சாட் நெறிமுறை) சர்வர் நான் பார்க்கவில்லை, ஆனால் போட்டவுடன் மாற்ற வேண்டிய ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நான் மாற்றாமல் விட்டுவிட்டேன்.

முதலில் ஈஜாபர்ட் என்ற இன்னொரு சர்வரைத்தான் போடலாம் என்று இருந்தேன். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தாலும் தாங்கும், வாட்ஸ்அப்பே தொடக்கத்தில் அதை வைத்துத்தான் நடந்தது. ஆனால் முப்பது குடும்பத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ப்ரொசடி லுவா என்ற நிரல்மொழியில் எழுதியது, மெமரி மிகக் குறைவாக எடுக்கும், செட்டிங் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். டெபியனின் ஏபிடி கட்டளையில் ஒரு வரி அடித்தால் இன்ஸ்டால் ஆகிவிடும். எங்காவது ஒரு கமா விட்டுப்போனால் ப்ரொசடிசிடிஎல் செக் என்ற கட்டளை எந்த வரியில் என்று காட்டிக் கொடுக்கும், டிஎன்எஸ் (சர்வர் பெயரை அதன் முகவரியோடு இணைக்கும் பதிவு), சான்றிதழ் (இணைப்பைப் பாதுகாக்கும் டிஜிட்டல் அடையாளம்) இரண்டையும்கூட அதுவே பார்த்துச் சொல்லும்.

சான்றிதழில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்டின் சாவி ஃபைல் ரூட் என்ற தலைமைப் பயனருக்குச் சொந்தம், ப்ரொசடி ஓடுவதோ தனிப் பயனராக, அதனால் அதைப் படிக்க முடியாது. அதை ப்ரொசடிக்கு நகல் எடுத்துத் தரும் சர்ட் இம்போர்ட் கட்டளையை, சான்றிதழ் புதுப்பிக்கும்போதெல்லாம் தானே ஓடும்படி வைத்துவிட்டால் 90 நாளுக்கு ஒருமுறை தலைவலி இல்லை. ரவுட்டரில் திறக்க வேண்டிய போர்ட்கள்: ஆப்கள் இணைய 5222, வேறு சர்வர்களோடும் பேச வேண்டுமென்றால் 5269, படம், ஒலி அனுப்ப 5281. உங்கள் இணைய இணைப்பு பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய முகவரி) தராவிட்டால் வீட்டில் வைத்துப் பயனில்லை, வாடகை சர்வர்தான் வழி.

சரி, அந்த செட்டிங். ஆடி மாதம் கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முன், எங்கள் தெரு ஆயா ஒருவர் தன் பாட்டியிடம் கற்ற அம்மன் பாட்டுகளைப் பிள்ளைகளுக்காகப் பாடி, ஒன்றொன்றாகக் குழுவில் போட்டார். எட்டாம் நாள் அவரே போன் செய்து கேட்டார்: "தம்பி, நான் பாடினது ஒண்ணையும் காணோமே, பிள்ளைங்க எதைப் பார்த்துப் படிக்கும்?" ப்ரொசடி பழைய செய்திகளையும் அனுப்பிய ஃபைல்களையும் ஒரு வாரம்தான் வைத்திருக்கும், நாம் மாற்றாவிட்டால் அதுதான் கணக்கு. நல்லவேளை, ஆயாவின் போனில் எல்லாம் இருந்தன, சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

மாற்ற வேண்டியது மூன்று இடத்தில்: தனிச் செய்திகளின் காலம், குழு அறையின் காலம், ஃபைல்களின் காலம். முதல் இரண்டுக்கும் நெவர் (எப்போதும் அழிக்காதே) என்று போட்டேன், ஃபைலுக்கு ஒரு வருடம். செட்டிங் ஃபைலில் குழு வரலாற்றைச் சேமிக்கும் மாட்யூல் வரிக்கு முன்னால், அதைச் செயல்படாமல் வைக்கும் இரண்டு சிறு கோடுகள் இருக்கும், அதை எடுக்காவிட்டால் எத்தனை நாள் போட்டாலும் பலனில்லை. ஒரு ஃபைல் 10 எம்பிக்கு மேல் போகாது என்ற வரம்பும் உண்டு, நீளமான பாட்டுக்கு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கான ஆப்கள்: ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், கணினியில் காஜிம். கான்வர்சேஷன்ஸை ப்ளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும், எஃப்-ட்ராய்ட் என்ற திறந்த மூல ஆப் ஸ்டோரில் இலவசம். குழுவில் ஒமேமோ என்க்ரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) வைக்கவில்லை, ஏனென்றால் அது இருந்தால் புதுப் போன் வாங்கியவருக்குப் பழைய பாட்டு திறக்காது. தனிப்பேச்சுக்கு மட்டும் கட்டாயம் போடச் சொல்லியிருக்கிறேன்.

மின்வெட்டு வந்தால்? ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுகின்றன. கரண்ட் திரும்பியதும் நான் எதையும் தொட வேண்டியதில்லை, அதுவே எழுந்து ஓடும். இருந்தாலும் எஸ்டி கார்டை நம்பாதீர்கள். ப்ரொசடியின் டேட்டா ஃபோல்டரைத் தினமும் இரவு வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறேன், ஆயா பாட்டுகள் ஒரு பென் டிரைவிலும் இருக்கின்றன, அது அவர் வீட்டுச் சாமி அலமாரியில்.