"மெஷினுக்குன்னே வர்ற சிம் சார், ஆதாரே வேணாம்" என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

ரூ.7,400. அந்தப் பணம் இனி வராது என்பது நேற்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் வீடியோ காலிங் பெல் மாட்டிவிட்டு, அதற்குக் குறைந்த செலவில் நெட் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

என் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. மயிலாடுதுறையில் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். காது மந்தம். கதவு தட்டுகிற சத்தம் எப்படியாவது கேட்டுவிட்டால், "யாரு?" என்றுகூடக் கேட்காமல் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவார். கேஸ் அடுப்பு செக் பண்றோம், பழைய பித்தளை எடுத்துக்கிறோம் என்று தெருவுக்குள் வருகிறவர்களை நினைத்தால் சென்னையில் எனக்குத் தூக்கம் வராது. அதற்குத்தான் பெல். வாசலில் அழுத்தினால் என் போனில் ஆளின் முகம் தெரியும், நானே பேசி விசாரிக்கலாம்.

பெல்லை நான் தனியாக வாங்கினேன், அதில் ஒரு குறையும் இல்லை. நெட்தான் சிக்கல். அத்தையிடம் இருப்பது பட்டன் போன், ஹாட்ஸ்பாட் போட வழியில்லை. வேறு எதற்கும் நெட் தேவைப்படாத வீட்டில், ஒரே ஒரு பெல்லுக்காக மாதாமாதம் பிராட்பேண்ட் பில்லும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டுவது அநியாயம். சிம் போடுகிற 4ஜி ரூட்டர் ஒன்று போதும். அந்த முடிவு சரி என்று இப்போதும் சொல்வேன்.

சிசிடிவி கேமரா விற்று மாட்டியும் கொடுக்கும் கடை ஒன்றில் விசாரித்தேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ரூட்டர் 3,200, ஒரு வருஷ "அன்லிமிடெட்" சிம் 3,600, மாட்டும் கூலி 600. ஆக மொத்தம் ரூ.7,400.

அந்தக் கடை ஆள் மாட்டுவதற்கு வீட்டுக்கு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தான். அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கழுவி வைத்தான். எந்த மூலையில் சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று வீடு முழுக்க நடந்து பார்த்து, ஜன்னலுக்கு மேலே உயரமாக ரூட்டரை மாட்டினான். அத்தை காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "யாராவது பெல் அடிச்சா அண்ணன் மெட்ராஸ்லேர்ந்து பாப்பாரும்மா, நீங்க திறக்கவே வேணாம்" என்று பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் போன பிறகு அத்தை, "தங்கமான பையன்டா, அவன் நம்பரைக் காலண்டர்ல எழுதி வை" என்றார்.

சிம் யார் பெயரில் என்று நான் கேட்காமல் இல்லை. "இது ஐஓடி சிம் சார். மெஷினுக்குன்னே வர்றது. ஆதாரே வேணாம். வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு ஒரு போன் அடிங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். கடையில் கார்டு தேய்க்கிற மெஷின், வண்டியில் மாட்டுகிற ஜிபிஎஸ் எல்லாவற்றிலும் அப்படி ஒரு சிம் இருப்பது உண்மை. அந்த உண்மையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் பொய் சொன்னான். அங்கேயே ரூ.7,400 அனுப்பினேன். பணம் போனது கடைப் பெயருக்கு அல்ல, ஒரு தனி ஆளின் பெயருக்கு. கையில் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு.

இரண்டு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. ஒரு நாள் காலையில் என் போனில் "டிவைஸ் ஆஃப்லைன்" என்று வந்தது. அதோடு சரி.

போன் செய்தால், "டவர் வேலை நடக்குது சார், சாயந்திரம் வந்துரும்." வரவில்லை. அடுத்து, "ஆப் அப்டேட் பண்ணுங்க." பண்ணினேன். அடுத்ததை மறக்கவே மாட்டேன். என்னிடம் சொல்லாமல் நேராக அத்தைக்கே போன் போட்டு, ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருக்கிறான். இவன் மாட்டியது ஜன்னலுக்கு மேலே. முழங்கால் மடக்க முடியாத என் அத்தை மர ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு ஓடிவந்து இறக்கியிருக்கிறாள். விழுந்திருந்தால்? இதைக் கேட்டபோது அவன் சொன்ன பதில்: "நான் ஏறச் சொல்லலையே சார்."

பிறகு புதுக் கதை. மொபைல் நெட்டில் பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக அந்த நெட்டுக்குள் வர உதவும் முகவரி) கிடையாது, அதற்குத் தனியாக 1,500 கட்ட வேண்டுமாம். சுத்தப் பொய். இந்த மாதிரி பெல் தானாகவே கம்பெனி சர்வரோடு போய் இணைந்துகொள்ளும், நம் போனும் அதே சர்வர் வழியாகத்தான் பார்க்கிறது. பப்ளிக் ஐபிக்கு அங்கே வேலையே இல்லை. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. சிம் கொடுத்தது திருச்சி பார்ட்டியாம், அவரிடம் கேட்க வேண்டுமாம். அப்புறம் போனை வேறு யாரோ எடுத்து "அண்ணன் வெளியூர்" என்றார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அவன் படமே தெரியவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டான்.

நேற்று அந்த சிம்மை எடுத்துக்கொண்டு சிம் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த பெண் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: இது 13 இலக்க எண். மெஷின்களுக்காக ஒரு நிறுவனம் தன் பெயரில் மொத்தமாக வாங்கிய சிம். வாங்கிய நிறுவனம் சொன்ன வேலைக்கும் சொன்ன சர்வருக்கும் மட்டும்தான் இதைப் பயன்படுத்த வேண்டும், தனி ஆளுக்கு விற்கக் கூடாது. அவர்கள் நிறுத்திவிட்டார்கள், உங்கள் பெயருக்கு மாற்றவும் முடியாது. சரி, ரூட்டராவது மிச்சம் என்று என் சொந்த சிம்மைப் போட்டால் எடுக்கவில்லை. ஒரே கம்பெனி சிம் மட்டும் எடுக்கும்படி லாக் செய்த பழைய ரூட்டரைத் துடைத்துப் புதுசு என்று கொடுத்திருக்கிறான். ரூ.7,400-ல் ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. அதைவிட, பெல் செத்துக் கிடந்த நாட்களில் யார் யார் வாசலுக்கு வந்தார்கள், அத்தை யாருக்கெல்லாம் கதவைத் திறந்தார் என்று எனக்குத் தெரியாது. அதுதான் வயிறு எரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்லிமிடெட் தேவையே இல்லை. ஒருமுறை பெல் அடித்தால் அரை நிமிஷ வீடியோ, 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போனால் சுமார் 4 எம்பி. ஒரு மணி நேரம் தொடர்ந்து லைவ் பார்த்தாலே 450 எம்பிதான். தினம் 1.5 ஜிபி கொடுக்கும் சாதாரண ப்ரீபெய்டு பிளானே தாராளம். கேமரா விற்றே பிழைக்கிறவனுக்கு இது தெரியாதா?

எந்த ரூட்டர், எந்த பிளான் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஊருக்குக் கிளம்ப வேண்டும், நேரமில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். சிம்மை ஷோரூமில் உங்கள் ஆதார் கொடுத்து உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், ரீசார்ஜ் எங்கிருந்தும் பண்ணலாம். டேட்டா பேக் மட்டும் தனியாகப் போட்டால் ஓடாது, அடிப்படை பிளான் உயிரோடு இருக்க வேண்டும். தினசரி அளவு தீர்ந்தால் பெரும்பாலும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும், படம் வராது. தெருவைப் பார்த்த வாசலாக இருந்தால் மோஷன் அலர்ட்டை (எதிரே ஏதாவது அசைந்தாலே பெல் அனுப்பும் அறிவிப்பை) குறையுங்கள், இல்லாவிட்டால் போகிற பைக் எல்லாம் டேட்டாவைத் தின்னும். ரூட்டரில் உங்கள் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பெரும்பாலான பெல்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேண்டும், ரூட்டரில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள். ரூட்டரைப் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். நான் இன்று காலை பதிந்துவிட்டேன், எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், சிம்மின் படம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.