செரோக் தோகுன் கல்வெட்டு டூர்: கல்லுக்கு 5 ஸ்டார், கைடுக்கு 2 தான்

போன சனிக்கிழமை மலேசியா பினாங்கு பக்கம் இருக்கற பட்டர்வொர்த்ல இருந்து குடும்பத்தோட அரை நாள் வேன் டூர் போனோம், தமிழ்ல பேசுற கைடு, ஆளுக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), கம்பெனி பேரு வேணாம். வேன் சுத்தம், டைமுக்கு வந்தாங்க, மாமியாருக்கு முன் சீட் கேட்டதும் குடுத்தாங்க.

நான் காசு கட்டுனதே புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கற இந்த செரோக் தோகுன் கல்லுக்காகத்தான். புனித அன்னாள் சர்ச் இருக்குல்ல, ஜூலை திருவிழாக்கு எத்தனையோ வருஷமா போறோம், மெழுகுவத்தி ஏத்திட்டு நேரா சாப்பாட்டு கடை பக்கம் போயிருவோம், அதே வளாகத்துக்குள்ள சுமார் 1500 வருஷத்து கல்வெட்டு இருக்குன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.

பெரிய கருங்கல் பாறை. கைடு தம்பி வந்து நின்னதும் "ராஜேந்திர சோழன் கடாரத்த ஜெயிச்சப்ப வெட்டுனது"ன்னு சொல்லிட்டாரு, எல்லாரும் கை தட்டுனாங்க, எனக்கு மனசே ஆறல. ராஜேந்திரன் படை கடாரத்துக்கு, அதாவது இப்ப இருக்கற கெடா பக்கம், வந்தது 1025ல. அத சொல்ற "அலைகடல் நடுவிற் பலகலம் செலுத்தி" மெய்க்கீர்த்தி, அதாவது ராஜாவோட புகழ் சொல்ற கல்வெட்டு வரிங்க, தஞ்சாவூர் பெரிய கோயில்ல இருக்கு. இந்த பாறைல இருக்கறது சமஸ்கிருதம், பல்லவ எழுத்து ரகம், 5, 6ஆம் நூற்றாண்டுன்னு கணிக்கிறாங்க, சோழன் வர்றதுக்கு சுமார் ஐநூறு வருஷம் முன்னாடியே இங்க எழுத்து தெரிஞ்ச ஆளுங்க வந்து போயிருக்காங்க, அதுவே எவ்வளவு பெரிய விஷயம், அதுக்கு மேல எதுக்கு இல்லாத கதை?

இத 1845ல வெளிய கொண்டு வந்தது ஜேம்ஸ் லோ அப்படின்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அதே ஆளு 1834ல இந்த செபராங் பிறை பக்கமே இன்னொரு கல் கண்டெடுத்தாரு, புத்தகுப்தன்னு ஒரு மகாநாவிகன், அதாவது பெரிய மாலுமி, பயணம் நல்லபடியா முடியணும்னு வெட்டி வச்சது. நடுவுல குடை அடுக்கு வச்ச ஸ்தூபி, கூடவே அறியாமையால கர்மம் சேருது, கர்மத்தால பிறவி வருதுன்னு ஒரு பௌத்த சுலோகம். கடல்ல போறவன் உயிர் பயத்துல வேண்டிக்கிட்ட கல்லுங்க அது! தூக்க முடிஞ்சதால கல்கத்தாக்கு போயிடுச்சு, இப்ப அங்க மியூசியத்துல இருக்கு. இந்த பாறை நம்ம ஊர்லயே நின்னுடுச்சு. இதுல ஒரு வார்த்த கூட கைடு வாயில வரல, பத்தே நிமிஷத்துல "வாங்க வாங்க, அடுத்து லஞ்ச்"னுட்டாரு.

நாங்க நாலு பேர் மட்டும் நகரல. நேரா பாத்தா ஒன்னுமே தெரியாது, மழையில தேஞ்சு போன வெறும் பாறை மாதிரிதான் இருக்கும். எம்பொண்ணு கீழ உக்காந்து போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா பாருங்க, அப்பதான் பள்ளத்துல நிழல் விழுந்து ஒரு வளைவு, கீழ ஒரு கொக்கி, பக்கத்துல இன்னொன்னுன்னு எழுத்து எழுந்து வந்துச்சு. மாமியார் தன்னால கை கூப்பினாங்க.

வேன்ல ஏறுறப்ப கைடுகிட்ட தனியா கூப்பிட்டு சோழன் விஷயத்த சொன்னேன், தம்பி கோவப்படல, நோட் பண்ணிக்கிட்டாரு, அதுக்குத்தான் அந்த 2 ஸ்டார்.

போறவங்க சொந்த காடியில காலைலயே போங்க, வெயில் சாய்வா இருக்கும். பூசை நேரம்னா சத்தம் போடாதீங்க, எழுத்து தெரியணும்னு சாக்பீஸ் தேய்க்கறது தண்ணி ஊத்தறதுலாம் தயவுசெஞ்சு வேணாம், ஒரு டார்ச் லைட் போதும்.