காப்புரிமைக்கு முதலில் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பமா, நேராக முழு விவரக்குறிப்பா?

அடுத்த மாதம் மாநாட்டில் உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் புரொவிஷனல் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போங்கள். உரிமைக்கோரல்கள் (கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் வரிகள்) எழுத வேண்டியதில்லை, தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான், இந்த நாளிலேயே விண்ணப்பித்துவிட்டீர்கள் என்பதற்கான தேதி கையில் வந்துவிடும். பேசி முடித்த பிறகு ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் 12 மாதம். அதற்குள் முழு விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை உரிமைக்கோரல்களோடு முழுதாக விவரிக்கும் ஆவணம், தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். புரொவிஷனலை அரைப்பக்கம் எழுதிப் போடுவதிலும் பயனில்லை. உதாரணமாக, உங்கள் வேதிவினை 60 முதல் 80 டிகிரியில் நடக்கிறது என்று அதில் இல்லையென்றால், பிறகு சேர்க்கும் அந்த விவரத்துக்கு முதல் தேதி கிடைக்காது.

சோதனை முடிந்து, வாங்க ஒரு கம்பெனியும் காத்திருக்கிறதா? சரி, நேராக முழு விவரக்குறிப்பே போடுங்கள். உரிமம் பேசும்போது அவர்கள் உரிமைக்கோரல்களைத்தான் வரிவரியாகப் பார்ப்பார்கள்.